காலையில் மட்டும் வாந்தி

அன்புள்ள அம்மா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மன்னித்துவிடு. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் ஸ்கேன் அறைக்குத் தலையைச் சாய்த்தபடியே ஒரு சிறுமி வந்தாள். "தினமும் காலைல வாந்தி. ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள்னு அடிச்சுட்டேன்மா" என்று அவள் தாய் அழுதாள். படத்தில் மூளைக் கட்டி தெரிந்தது.

மாலையில் போனில் நீ, "நம்ம கடைக்குட்டிக்கும் காலைல வாந்திதான். பரீட்சை ஜுரம்!" என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன்.

இன்று டாக்டரிடம் கேட்டேன். "முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார். இது ஆறுதலா, எச்சரிக்கையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயா? எனக்கே புரியவில்லை.

என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே தூக்கம் வருவதில்லை.

அம்மா, கடைக்குட்டியைத் திட்டாதே. இந்தக் கடிதம் கிடைத்ததுமே டாக்டரிடம் கூட்டிப்போ.