நாடா வைத்த சட்டை

மார்ச் 4, செவ்வாய்

குட்டி செட் முடிந்தது. தொப்பி, காலுறை, ஸ்வெட்டர். டிப்போவில் பஸ் வருகிற நேரம், போகிற நேரம் குறிப்பதற்கு நடுவே பின்னியது. “என்ன நூல்கண்டு சார், உங்களுக்கே குழந்தை பொறக்கப் போகுதா?” என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். தங்கைக்கு என்றேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் எதையும் இவ்வளவு சீக்கிரம் முடித்தவன் இல்லை. கடைசி நூலை வெட்டி முடிச்சுப் போட்டபோது கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மார்ச் 5, புதன்

பிறந்துவிட்டான். ஏழாம் மாதத்திலேயே.

மார்ச் 6, வியாழன்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். மூக்கில் குழாய், காலில் ஒயர். என் உள்ளங்கையைவிட முதுகு கொஞ்சம்தான் பெரிது. மாமா ஆகிவிட்டேன் என்று டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்த்துச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஒன்று மனதைக் குடைகிறது. செவ்வாய்க்கிழமை நான் நூலை வெட்டினேன். அன்றைக்கே அவளுக்கு வலி எடுத்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன? முடிக்காமல் இழுத்தடித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருந்திருப்பானோ?

மார்ச் 10, திங்கள்

வார்டு நர்ஸம்மா கம்பளி செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கோவிச்சுக்காதீங்க சார். பின்னல் ஓட்டையில விரல் மாட்டிக்கும், பஞ்சும் உதிரும். மெல்லிசு பருத்தியில, முன்பக்கம் முழுசா திறக்கற மாதிரி சட்டை வேணும். பட்டன் கூடாது, நாடா வைங்க. கொஞ்சம் தேறினதும் போட்டுவிடலாம்.” மார்பளவும் கையளவும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்.

இவ்வளவு சின்னதாகக் கடையில் கிடைப்பதில்லை. தைக்கக் கொடுக்கலாம் என்றேன். தங்கை படுக்கையிலிருந்தே தலையை ஆட்டினாள். “வேணாம். நீயே தைச்சுக் குடு அண்ணா.”

எனக்குத் தைக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

மார்ச் 12, புதன்

என் வீட்டுக்குக் கீழே தையல்கடை. கடைக்காரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் நீளம். விஷயத்தைச் சொன்னதும் மூலையில் சும்மா கிடந்த மிஷினைத் துடைத்துக் கொடுத்தார்.

துவைத்துத் துவைத்து நைந்த என் பருத்திச் சட்டையை மேஜையில் விரித்தேன். சாக்பீஸால் கோடு போட்டேன். அதற்குமேல் கை போகவில்லை. இருபது வருஷமாகப் பின்னுகிறவன் நான். தப்பு செய்தால் நூலை இழுத்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெட்டிய துணியை என்ன செய்வது?

“துணி கடிக்காது சார்,” என்றார் கடைக்காரம்மா.

வெட்டினேன்.

மார்ச் 15, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நர்ஸம்மா பெட்டியின் துவாரம் வழியாகக் கைவிட்டு அவனுக்குச் சட்டையைப் போட்டார். ஒரு கை நுழைந்தது. அடுத்தது முழங்கையில் சிக்கியது. மெல்ல இழுத்துப் பார்த்தார். அலாரம் அடித்தது. மூச்சே விடல. உதடு நீலமாயிடுச்சு. அவங்க பாதத்தைச் சுண்டிச் சுண்டி விட்டாங்க. அப்புறம்தான் விட்டான்.

“இந்தக் குழந்தைங்க அப்பப்ப மூச்சு விட மறந்துடும் சார். சட்டையால இல்ல,” என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா? நாந்தான். கையில அளவு குடுத்தும் ஒழுங்கா வெட்டத் தெரியல. இனிமே அந்தக் கத்தரியைத் தொட மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

தொடமாட்டேன் என்று சொல்லத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா காதில் வாங்கவில்லை. சட்டையையும் சீட்டையும் வைத்து அளந்தார்.

“அளவைவிடக் குறைச்சு ஏன் வெட்டினீங்க?”

பின்னலில் அப்படித்தான் செய்வோம் என்றேன். கம்பளி உடம்போடு இழுத்துக் கொடுக்கும், அதனால் ஒரு பிடி குறைத்தே பின்னுவோம்.

“துணி எங்க சார் இழுத்துக் குடுக்கும்? தையலுக்கும் விடல, உடம்புக்கும் விடல. மூச்சு விட இடம் வேணாமா?”

வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னதும் அவர் முகமும் மாறிவிட்டது. காகிதத்தில், நாலாபக்கமும் இடம்விட்டு, புது அளவு வரைந்து கொடுத்தார். அதை வைத்து மறுபடி வெட்டினேன்.

மார்ச் 19, புதன்

சட்டை தைத்தாகிவிட்டது, நாடா மட்டும் பாக்கி. மாப்பிள்ளை போன் செய்தார். குழந்தைக்குக் கிருமி தொற்றிவிட்டதாம், இப்போது தொண்டைக்குள்ளேயே குழாய். “டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு மச்சான்,” என்றார்.

நாடாவை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இந்த முறை முடிக்கப் போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

அப்படியேதான் இருக்கிறான்.

மார்ச் 23, ஞாயிறு

வார்டு வாசல் பெஞ்சில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டை எங்கே என்றாள். எடுத்துக் காட்டினேன்.

“நாடா ஏன் வெக்கல?”

மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். கம்பளி செட்டை முடித்தது, அன்றைக்கே வலி வந்தது, இப்போது நாடா வைக்கப் பயமாக இருப்பது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நான் அன்னிக்குத் துணி காயப்போட மாடி ஏறினேன். அதனாலதான்னு நான் நெனச்சிட்டு இருக்கேன்,” என்றாள். “முந்தின நாள் என்கிட்ட சண்டை போட்டாரு, அதனாலதான்னு அவரு நெனச்சிட்டு இருக்காரு. ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்கோம் அண்ணா.”

அவள் தோளைத் தொட்டேன். எலும்புதான் தட்டுப்பட்டது. “நாடாவைத் தை,” என்றாள்.

மார்ச் 24, திங்கள்

தைத்தேன். ஒரு நாடா கோணலாகிவிட்டது. போன் அடிக்கப் போகிறது, அடிக்கப் போகிறது என்று நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸின் நேரத்தைத் தப்பாகக் குறித்து டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன் அடிக்கவில்லை.

மார்ச் 29, சனி

வியாழக்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். இன்று சட்டை போட்டார்கள். நான் உள்ளே போகவில்லை, கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அலாரம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

தங்கை வெளியே வந்தாள். “போட்டாச்சு. தொளதொளன்னு இருக்கு.”

சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. அதற்கும் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஒரு தடவை அலாரம். நர்ஸம்மா ஓடி வருவதற்குள் அவனே மூச்சு விட்டுவிட்டானாம்.

ஏப்ரல் 26, சனி

காலையில் மாப்பிள்ளை டிப்போவுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

“ஒண்ணுமில்ல மச்சான். சட்டை பத்தலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க,” என்றார்.

பத்தவில்லை. அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. மறுபடியும் குறைத்து வெட்டிவிட்டேனா? துவைத்ததில் சுருங்கிவிட்டதா? மறுபடியும் முழங்கையில் சிக்கியதா? பாதி வேலையில் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

காகித அளவை ஆணியிலிருந்து எடுத்து, சட்டையைப் பிரித்து அதன்மேல் வைத்தேன். தோள் சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. தையலுக்கு விட்டது, உடம்புக்கு விட்டது, எல்லாம் இருந்தது. டேப்பை எடுத்து இன்னொரு தரம் அளந்தேன். சுருங்கவும் இல்லை.

“என்ன சார், மறுபடி சின்னதா வெட்டிட்டீங்களா?” கடைக்காரம்மா வாயில் குண்டூசியோடு கேட்டார்.

“இல்ல. சட்டை சரியாத்தான் இருக்கு.”

“அப்பறம்?”

சட்டைக் கையின் முனையைத் தாண்டி மேஜைமேல் விரலை வைத்துக் காட்டினேன், அவன் கை இப்போது இதுவரைக்கும் என்று. அவர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“உக்காந்து அழுதுட்டு அப்பறமா வெட்டுங்க. துணி நனையக் கூடாது.”

பைக்குள் நர்ஸம்மாவின் புது அளவுச் சீட்டு இருந்தது. அதையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன்.