ஓடுகிற காராகத்தான் கொடுத்தோம்

இயேசு மரி சூசை துணை

குருநகர்.

என் அன்பு மகள் வினோஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் சுகபலத்தோடு இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையைத் தொட்டேன். இங்கே நான் சுகம், அப்பாவும் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் அவருக்குக் கேட்டுவிடும், பேச்சுத்தான் தடுமாறுகிறதே தவிர காது நல்ல கூர்மை. பக்கத்து வீட்டு றஜனி மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் பாரிசுக்கு வருகிறாள், அவளிடம் இதையும் கொஞ்சம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொரி, போன முறை மேல்வீட்டுக்காரர் வந்து சண்டை பிடித்தது நினைவிருக்கும்.

அப்பாவின் காரைக் கொடுத்துவிட்டோம் மகள். அவருக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அது தகரக் கொட்டிலுக்குள் நின்றபடிதான். எங்கள் பங்கில் ஓட்டோ ஓடுகிற கிறிஸ்ரோபர் விலைக்கு வந்து கேட்டான், நல்ல பொடியன், குடிக்க மாட்டான், அப்பாவும் தலையாட்டினார். உனக்குத் தெரியும், அந்தக் காரில் எத்தனை கலியாணப் பொம்பிளைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கியிருப்பார், எத்தனை பேரைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருப்பார், செத்தவர்களின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகிற சைவக்காரரும் சந்தியோகண்ணை என்று அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கொடுக்கிறேன் என்றது ஏன் என்று எனக்குத்தான் தெரியும். காலுக்குப் பயிற்சி செய்து நத்தார்ப் பண்டிகைக்கிடையில் எழும்பிவிடுவேன், பிறகு புதிதாய் ஒன்று எடுத்து ஓடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

கிறிஸ்ரோபர் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றி ஓடிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனவன் கடற்கரை வீதியோடு திரும்பிவிட்டான். முன்பக்கம் கீச்சென்று கத்துகிறது, பற்றரி லைற் சிவப்பாய் எரிகிறது என்றான். இத்தனை மாதம் உப்புக்காற்றில் நின்றதில் ஓல்ரனேற்றர் இறுகிப்போயிருந்தது, அதைச் சுற்றுகிற பெல்ற்றும் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. அது சுற்றினால்தான் பற்றரிக்குக் கரண்ட் ஏறும், இல்லாவிட்டால் கார் வழியில் நின்றுவிடுமாம். அவன் பெரிசுபடுத்தவில்லை, "அண்ணை, நீங்கள் யோசியாதேங்கோ, நான் கராச்சிலை விட்டுச் செய்விக்கிறன்" என்றான். அப்பா இடக்கையால் பொனெற்றில் ஓங்கி அடித்தார். "ஓடுற கார்," என்றார், பிறகு இன்னொருமுறை "ஓடுற கார்." பழுதான காரை ஒருவன் தலையில் கட்டமாட்டேன் என்பதுதான் அது. புது ஓல்ரனேற்றரையும் பெல்ற்றையும் ரவுணில் வாங்கித் தந்த அவனைத் தொடக்கூட விடவில்லை, "என்ரை" என்று கையைத் தட்டிவிட்டார், பூட்டுவது தன் வேலையாம். அவன் என்னைப் பார்த்தான், நான் போ தம்பி என்று அனுப்பிவிட்டேன்.

அவருடைய வலக்கை மடியில் கிடக்கிறது, இடக்கை தனியே ஸ்பனரைப் பிடித்து என்ன செய்யும். கதிரையைக் காருக்குப் பக்கத்தில் போட்டு அவரை இருத்தினேன், சட்டைக்கு மேலே உன் பழைய ரீசேட்டைப் போட்டுக்கொண்டு நான் குனிந்தேன். முதலில் பற்றரி வயரைக் கழற்றச் சொன்னார், சொன்னார் என்றால் விரலால் காட்டினார். ஸ்பனர் கேட்க வாயில் கரண்டி என்று வருகிறது, போல்ட்டுக்கு வெங்காயம் என்றார், நான் சிரித்துவிட்டேன், அவர் முகம் சுருங்கியது, அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கீழே உள்ள போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து திரும்ப இழுத்தேன். போல்ட் ஒரேயடியாக இளகியதில் என் விரல்முட்டி இரும்பில் அடிபட்டு உரிந்துவிட்டது, அவர் எட்டி அந்தக் கையைப் பிடித்து, "விடும் யசிந்தா, காணும்" என்றார். என் பெயர் அவ்வளவு தெளிவாய் வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எப்படி விடுகிறது.

பழையதைக் கழற்றிப் புதியதை அதே இடத்தில் வைத்தேன், தூக்கப் பாரம்தான், வயரைக் கொழுவினேன், பெல்ற்றைச் சில்லுகளில் சுற்றிப் போட்டேன். பிறகு கம்பியால் ஓல்ரனேற்றரை நெம்பிப் பிடித்து பெல்ற்றை இறுக்க வேண்டும், நான் நெம்ப அவர் பெருவிரலால் பெல்ற்றை அமத்திப் பார்த்தார், இன்னும், இன்னும் என்று தலையசைத்தார், போதும், காணும் என்றதும் போல்ட்டை முறுக்கினேன். பற்றரியைத் திரும்பப் பூட்டினேன்.

ஸ்ரார்ட் செய்ய என்னை விடவில்லை. பிடித்துக்கொண்டுபோய்ச் சாரதி சீற்றில் இருத்தினேன், வலக்காலைத் தூக்கி உள்ளே வைத்ததும் நான்தான். இடக்கையைக் குறுக்கே கொண்டுபோய்த் திறப்பைத் திருகினார். பிடித்துக்கொண்டது மகள், கீச்சென்ற சத்தமும் இல்லை, சிவப்பு லைற்றும் அணைந்துவிட்டது. நான் சந்தோசத்தில் கையைத் தட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்சிலேற்றரை மிதிக்கப் பார்க்கிறார், முகமெல்லாம் வியர்க்கிறது, கால் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு "இனி ஏலாது" என்றார். வேறு சொல் மாறி வரவில்லை, தடக்கவில்லை. நான் சுற்றிப்போய்ப் பக்கத்து சீற்றில் ஏறி இருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அவர் அழுதார், உங்கள் அப்பப்பாவின் செத்தவீட்டிலும் அழாத மனுசன். குழம்பு அடிப்பிடித்த மணம் வந்தது, நான் எழும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கிறிஸ்ரோபர் வந்தான். அப்பா திறப்பைத் தானே கொடுத்தார், அவன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனான். கொட்டில் வெறுமையாய்க் கிடக்கிறது, அந்தப் பக்கத்து ஜன்னலை இப்போது அவர் திறக்க விடுவதில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார், டாக்குத்தர் மனம் உடைந்தால் அப்படித்தான், விடாமல் கதைத்துக்கொண்டிருங்கோ என்கிறார்.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்று. நீ போன் எடுக்கிற நேரமெல்லாம் அப்பா தான் நித்திரை என்று கையால் எனக்குக் காட்டிவிடுவார், சொற்கள் மாறி வருவது உனக்குக் கேட்கக்கூடாது என்ற வெட்கம். முந்தநாள் தானாகவே போனைக் காட்டி உன் படத்தையும் காட்டினார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கட்டாயம் எடு. சொல் வரப் பிந்தும், நீ இடையில் எடுத்துக் கொடுக்காதே, அழாதே, அழுதால் திரும்ப போனுக்கு வரமாட்டார்.

குளிருக்குக் காலுறை போடாமல் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

அவர் காலையில் எழும்பியதும் உன் பெயரைச் சொல்லிப் பழகுகிறார் மகள். வினோ மட்டும் வருகிறது, மிச்சம் இன்னும் வரவில்லை. வந்த மட்டுக்கு, ஓம் அப்பா என்று சொல்லு.

என்றும் உன் அம்மா,
ச. யசிந்தா