ஆளுக்குப் பாதி மாத்திரை

என் சரோஜா அக்காவுக்கு,

இன்று காலை மலையை மேகம் மூடியிருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து இடத்தில் நீ உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது, இல்லையா?

எங்கள் ஆஸ்பத்திரியின் கிட்னி மருந்து ஆய்வு முடிந்து, எந்த மாத்திரை யாருக்கு என்று எழுதி மூடிவைத்த உறைகளைப் பிரித்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. அங்கே நர்ஸாக இருக்கிற எனக்கும் அதுவரை தெரியாது. நீ நம்பவே இல்லை. "சொந்த அக்காகிட்டகூட சொல்ல மாட்டியா டி?"

உன்னோடு ஆய்வில் சேர்ந்த உன் பக்கத்து வீட்டு முனியம்மாவுக்கு மாத்திரை போட்டால் தலை சுற்றியது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடையதுதான் மருந்து என்று நீங்களே முடிவுகட்டி, தினமும் ஆளுக்குப் பாதி உடைத்து மாற்றிக்கொண்டீர்கள். வேர்க்கடலை உரித்துக்கொண்டே நீ அதைச் சிரித்தபடி சொன்னபோது என் கை நின்றுவிட்டது.

"எழுதிடாத டி, பேரை எடுத்துடுவாங்க" என்றாய். ஆய்வுப் பதிவேட்டில் எழுதினேன். பேரை எடுக்கவில்லை, டாக்டர் குறித்துக்கொண்டு தொடரச் சொன்னார். நீதான் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம், "நிறுத்திட்டோம், போதுமா?" என்றாய்.

இன்று உன் ஊருக்குப் போய் முனியம்மாவிடம் உறையில் இருந்ததைச் சொன்னேன். நிஜ மருந்து உன்னுடையது, அக்கா. அவளுடையது வெறும் மாத்திரை.

வாசல் கோழிகளை விரட்டிவிட்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைசி வரைக்கும் மாத்திக்கினுதான் இருந்தோம் கலா. அப்ப நான் உயிரோட இருக்கறது அவ குடுத்த பாதியாலயா?"

எனக்கு என்ன தெரியும்? மருந்து யாருக்காவது பலன் தந்ததா என்றே இன்னும் கணக்கிட்டு முடிக்கவில்லை. முழுசாகச் சாப்பிட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா? உங்களைப்போல் மாற்றிக்கொண்டு சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ?

கோபம் வரும் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் கண் செருகியது. கனவில் நீங்கள் இருவரும் இளவெயிலில் உட்கார்ந்து நகத்தால் மாத்திரையைப் பிளந்துகொண்டிருந்தீர்கள். கூப்பிட மனசு வரவில்லை.

அடுத்த ஆய்வில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் தெருவுக்குத் தெரு குலுக்கலாம், ஒரு தெருவுக்கு ஒரே மாத்திரை, மாற்றிக்கொண்டாலும் பாதகமில்லை என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்மா" என்றார். நான் விடப்போவதில்லை. கையெழுத்து வாங்குமுன் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, யாருக்குக் கொடுக்காமல் உங்களால் எதையும் சாப்பிட முடியாது என்று கேட்பேன். உன்னிடம் கேட்கத் தவறிவிட்டேன்.

உன் பேச்சை மீறி எழுதிவிட்ட தங்கை,
கலா