களத்துமேட்டில் உனக்கோர் இடம்

திருக்காட்டுப்பள்ளி,
ஆடி 22

பட்டுக்கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மூட்டுவலி தேவலை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பாவுக்கு விதை விட்டாயிற்று.

உன் பெண்டாட்டி யுன்ஜி வந்து பதினைந்து நாள் ஆகிறது. கொரியாவிலிருந்து உன்னை ஒரு வெள்ளைச் சாடியில் வைத்து, மடியிலேயே ஏந்திக்கொண்டு வந்தாள். போன வருஷம் உன் நெஞ்சு நின்றுபோனபோது என்னால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. சாடியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவி, சாப்டீங்களா அத்தை, சாப்டீங்களா என்றாள். நீ கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான் போல. மற்றதெல்லாம் போன்தான் தமிழில் சொல்கிறது. என்னை 'நீர்' என்கிறது!

மங்களாம்பிகை அத்தை வந்து சாதி சனம் விசாரித்தாள். யுன்ஜி தன் குலப்பெயர் பார்க் என்றாள். பார்க்கிலும் எந்த ஊர்ப் பார்க் என்று கேட்டுத்தான் சம்பந்தம் செய்வார்களாம். ஒரே வகையறா என்றால் அண்ணன் தங்கை முறையாம். நம்ம பங்காளி முறைதான் அண்ணி என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். அவள் அம்மா புத்தர் கோயில், அண்ணன் சர்ச், அவளுக்கு இரண்டும் இல்லையாம். அப்ப நம்ம கறுப்புச்சட்டைக் கட்சிதான் என்று ஐயாவு சித்தப்பா சிரித்தார்.

முதல் நாள் ஒரு தப்பு செய்துவிட்டேன். கையால் சாப்பிடத் தெரியாதே என்று, கிண்ணத்துச் சோற்றில் ஸ்பூனை நட்டுக்குத்தலாகக் குத்திக் கொடுத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கிண்ணத்தை அப்படியே உன் முன்னால் வைத்து, நெற்றி தரையில் பட இரண்டு தடவை விழுந்து கும்பிட்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டாள்.

ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் உன்னைக் கரைக்கலாம் என்றேன். போனில் ஏதோ பேசினாள். எல்லாவற்றையும் கடலில் விட்டால் நான் எந்த இடத்துக்கு வந்து கும்பிடுவேன் என்றது அது. அவர்கள் ஊரில் செத்தவர்களுக்கு மண்மேடு கட்டி, வருஷாவருஷம் வந்து புல் அறுத்துச் சோறு வைப்பார்களாம். சித்தப்பா குதித்தார். சாம்பலை மண்ணில் வைக்கிற வழக்கம் நமக்கு ஏது, வயலிலே எரிவாயுக் குழாய்க்குக் கல் வேறு நட்டுட்டானுவ என்றார். ஆட்சி மாறினாலும் அந்தக் கல் மட்டும் மாறவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பெற்றவள் நான்தான், ஆனால் உன்னோடு ஆறு வருஷம் வாழ்ந்தவள் அவள். பாதியைப் பூம்புகாரில் விட்டோம். பாதியைக் களத்துமேட்டில் வைத்து, அவள் கையாலேயே மண் அணைத்தாள்.

நேற்று அளக்க வந்தவனிடம், எம்மவன் படுத்திருக்கான், குழாயைத் தள்ளிப் போட்டுக்கோ என்றேன். எழுதிக்கொண்டு போனான். திரும்பி வந்தால் வரட்டும், குறுக்கே நான் இருக்கிறேன்.

நாளை அவள் ஊருக்குப் போகிறாள். அடுத்த ஆடிக்கு வருவேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள், போன் இல்லாமல். எனக்கு அது போதும். நீ குளிர்ந்திரு சாமி.

ஒன்றுதான் மனசில் கிடக்கிறது. உன்னை இரண்டாகப் பிரித்துவிட்டேனே, உனக்கு வலிக்கவில்லையே, கண்ணு?

உன் அம்மா
வள்ளியம்மை