பம்புசெட்டு அறையில் இரண்டு வாரம்

அக்டோபர் 16, திங்கள்

வெயில். ஐப்பசி பிறக்க இரண்டு நாள், அடிப்பதோ சித்திரை வெயில். ஆரப்பாளையத்தில் பஸ், உசிலம்பட்டியில் டவுன் பஸ், அப்புறம் ஒரு மைல் நடை. தோளில் இரண்டு கேமரா, ஸ்டாண்டு, பிரியாணிப் பொட்டலம். முதுகு போச்சு.

ஓனர் போனில் ‘கேபின்’ என்று சொன்னது பழைய பம்புசெட்டு அறை. சுவரைக் கல்லாக்கி, கூரைக்கு ஓடு போட்டு, கரண்ட் இணைப்பையும் மோட்டாரையும் எடுத்துவிட்டார். கரண்ட் இல்லாததுதான் இங்கே விசேஷமாம். மழைக்காலத்தில் இங்கே எப்படி இருக்கும் என்று நான் தங்கிப் படம் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து வாடகைக்கு வருவார்கள். வீட்டுக்காரி மும்தாஜ் கேட்டாள், ஃபேன் இல்லாத வீட்டுக்கு எவன் வருவான் என்று. நான் வந்திருக்கிறேனே.

ஓனர் கட்டளை: ஒயர் தெரியக் கூடாது. பிளாஸ்டிக் குடம் கூடாது. ஆள் கூடாது. மழை கட்டாயம்.

முதல் மூன்றும் என் கையில்.

பேட்டரி 5. கூரையில் சின்ன சோலார், ஒரு பேட்டரி ஏற அரை நாள். போன் சிக்னல் கிணற்றுக்குப் பின்னால் பாறை மேல் மட்டும்.

அக்டோபர் 18, புதன்

மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, தேனிப் பக்கம் போய்விடுகிறது. எடுத்தது: அடுப்பு, மண்பானை, ஜன்னல், மறுபடி அடுப்பு.

சாப்பாடு கொண்டுவருவது தவமணி. பக்கத்துக் காட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும். அடுப்பையே சுற்றிச் சுற்றி எடுப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்புக்குக் கல்யாணமா பாய் என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவனைப் பார்த்து.

அறைக் கதவைத் திறந்தால் அவளுடைய ஒன்றரை ஏக்கர் காடுதான். வெறும் செம்மண். தரிசு என்று நினைத்துவிட்டேன். இல்லையாம், உள்ளே சோளம் இருக்கிறது. காய்ந்த புழுதியிலேயே விதைத்து, உழுது மூடிவிட்டு, மழைக்குக் காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் சேர்த்து வைத்த விதை மொத்தமும் மண்ணுக்குள். விளைந்தால் தானியம் வீட்டுக்கு, தட்டை தீவனமாக இரண்டு மாட்டுக்கும். விளையாவிட்டால் மாடுகள் உசிலம்பட்டிச் சந்தைக்கு. நாளைக்குத் துணி துவைக்கணும் என்கிற மாதிரி சொன்னாள்.

அக்டோபர் 19, வியாழன்

புழுக்கம். பாறை மேல் ஏறியதும் ஓனரின் செய்தி நான்கு. நான்கிலும் மழை எங்கே.

மாலை அஸர் தொழுதுவிட்டுக் கையேந்திக் கேட்டேன். யா அல்லாஹ், பெருமழை வேண்டாம், கேமரா நனையும். அரை மணி நேரத் தூறல் போதும். இதே வார்த்தைகள். எழுதி வைக்கிறேன்.

ஐந்து மணிக்குத் தூறல்! மேற்கே வெயில், இங்கே சாரல். ஓட்டு விளிம்பில் சொட்டு வரிசை. செம்மண் அப்படியே கறுத்து வந்தது. இருநூறு படத்துக்கு மேல். தவமணி காட்டு நடுவில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். படத்தில் விழுகிறாய், கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்றேன். தள்ளி நின்றாள்.

இருபது நிமிஷம். அவ்வளவுதான். எனக்குப் போதும்.

அக்டோபர் 20, வெள்ளி

வெயில். ஜும்ஆ போச்சு. பள்ளிவாசலுக்கு உசிலம்பட்டி போக வேண்டும், பஸ்ஸை விட்டேன்.

தவமணி முகமே சரியில்லை. மழைதான் பெய்ததே என்றேன். குனிந்து விரலால் மண்ணைக் கிளறிக் காட்டினாள். மேலே இரண்டு விரல்கடை ஈரம், அதற்குக் கீழே புழுதி.

"பேஞ்சாப் பேயணும் பாய். இல்லாட்டி பேயாமக் கெடக்கணும். இது ரெண்டுங்கெட்டான்."

காய்ந்த மண்ணில் விதை இருபது நாள்கூடத் தூங்குமாம். அரை ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். விழித்த பிறகு ஒரு வாரத்துக்குள் நல்ல மழை இல்லையென்றால் முடிந்தது கதை. மறுபடி விதைக்க விதை இல்லை.

தூறல் போதும் என்று துஆ கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது.

அக்டோபர் 24, செவ்வாய்

முளைத்துவிட்டது. விடியலில் கதவைத் திறந்தேன், காடு முழுக்கப் பச்சைக் கோடு கோடாக. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மழை இல்லாவிட்டால் ஒரு வாரம்தான். ஆனாலும் எடுத்தேன், தரையில் படுத்துக்கொண்டு, எதிர்வெயிலில். என் தொழிலிலேயே நல்ல படங்கள் இவைதான் என்று நினைக்கிறேன்.

தவமணியும் சிரித்தாள். நடக்கப்போவது தெரிந்தும் சிரித்தாள். வரப்போரம் உட்கார்ந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தாள்.

பாறையிலிருந்து இரண்டு படம் அனுப்பினேன். ஓனர் மூன்று முறை சூப்பர் என்றார்.

சோப்பு தீர்ந்தது. மும்தாஜுக்குப் போன் செய்து துஆ விஷயத்தைச் சொன்னேன். "கேட்டதத்தான குடுத்திருக்கான்?" என்றாள்.

அக்டோபர் 26, வியாழன்

வானத்தில் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமில்லை. நுனி சுருள ஆரம்பித்துவிட்டது.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிடக்கிறது! மோட்டார் இருந்த காலத்தில் வாரம் ஒரு முறை தவமணி காட்டுக்கும் பாயுமாம். இப்போது மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை. ஊரில் ஆயில் இன்ஜின் வாடகைக்குக் கிடைக்கும், கிணற்றுக்காரர் சம்மதம் வேண்டும் என்றாள்.

பாறைக்கு ஓடினேன். ஓனர் நல்லவிதமாகத்தான் பேசினார். நாளையிலிருந்து ஞாயிறு வரை யாராவது இடம் பார்க்க வரலாம், இன்ஜின் சத்தம் சரிப்படாது, திங்கட்கிழமை பார்ப்போம் சார். திங்கட்கிழமை என்ன இருக்கும் என்று கேட்டேன். சிக்னல் போய்விட்டது. போனதா, அவரே வைத்தாரா, தெரியவில்லை.

வாளியை எடுத்துக் கிணற்றில் இறைத்து முதல் உழவுச் சாலில் ஊற்றினேன். பதினாறு வாளி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவமணி வந்து வாளியை வாங்கி வைத்துவிட்டாள். "வேணாம் பாய், கை கொப்புளிச்சுப் போகும்." கொப்புளித்துவிட்டது.

அக்டோபர் 28, சனி

எல்லாம் போச்சு.

மாட்டையாவது மேய விடலாமே என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. வாடிய சோளக்குருத்து விஷமாம். தின்ற மாடு வயிறு உப்பிச் செத்துவிடும். அதனால் இரண்டையும் கயிற்றைக் குட்டையாக்கி வீட்டுப் பக்கம் கட்டியிருக்கிறாள். நாளைக் காலையில் டிராக்டர் விட்டுக் காட்டை அழிக்கப்போகிறாள்.

சாயங்காலம் காட்டு நடுவில் நின்றாள். சுற்றிலும் வைக்கோல் நிறத்தில் முளைகள். என் கையில் கேமரா, முழு பேட்டரி. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டேன். கல்யாண மண்டபத்தில் சண்டை வந்தாலோ, பெண்ணின் அப்பா ஓரமாக நின்று அழுதாலோ, கேமராவைக் கீழே இறக்குவதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அதை மீறியதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்பு பற்ற வைக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

டிராக்டர் வந்து போனது. முக்கால் மணி நேரம். மறுபடி வெறும் செம்மண்.

பஸ் 11.20.

நவம்பர் 6, திங்கள்

மதுரையில் மூன்று நாளாக மழை. ஸ்டுடியோ வாசலில் கணுக்கால் தண்ணீர். காலையில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ, ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோ பிரிண்ட்.

மதியம் தவமணி போன். நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போயிருக்கிறாள். பயிர் காய்ந்ததற்குப் படம் வேண்டும் என்றார்களாம். இப்போது போய் எடுக்கக் காட்டில் ஒன்றும் இல்லை, உழுதாகிவிட்டது. நீங்கள்தான் இரண்டு வாரமும் எடுத்துக்கொண்டே இருந்தீர்களே பாய், காய்ந்ததில் ஒன்று இருந்தால் போதும் என்றாள்.

ஆயிரத்து நானூறு படம் இருக்கிறது. அடுப்பு மட்டும் அறுபது. கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தேடினேன், இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன்.

"எடுக்கலம்மா."

"கையில கேமரா இருந்துச்சே பாய்."

"இருந்துச்சு. மனசு வரல. தப்புன்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"சரி விடுங்க. பச்சையா இருந்தத அனுப்புங்க. எங்க வீட்டுக்காரவுக வெதச்ச மறுநாளே கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாக. மொளச்சத அவுக பாக்கவே இல்ல."

மாடு இருக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள், பஸ் ஸ்டாண்டில் நிற்பது சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பத்தானாம்.

ஏழு படம் அனுப்பினேன்.