நான் இடம் மாற்றி வைத்த வெள்ளி

வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன்பே விழித்திருந்த என் அப்பாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை. இதை ஒப்புக்கொள்ள, நீங்கள் செத்து ஏழு மாதம் ஆக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பதுளைப் பட்டறையில் இஞ்சின் வேலை பழகிக்கொண்டிருந்தவன், லீவில் நமுனுகுலைக்கு வந்திருந்தேன். நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் பூசணிக்காயைச் சூரியனாக வைத்து, எட்டு எலுமிச்சம்பழங்களைக் கிரகங்களாக அடுக்கினேன். முதலில் புதன், அடுத்து நம் பூமி, அதற்கு அப்பால் வெள்ளி, செவ்வாய் என்று, ஒரு வானியல் புத்தகத்தில் படித்ததை மளமளவென்று ஒப்பித்தேன். கங்காணியோடு லயமே கூடி நின்றது.

நீங்கள் மட்டும் குனிந்து மூன்றாவது பழத்தைத் தொட்டீர்கள்.

"ஏம்ப்பா, வெள்ளிய சில மாசம் விடியக் கிழக்கால பார்க்கிறேன், சில மாசம் அந்தியில மேற்கால பார்க்கிறேன். சூரியன விட்டு அது தூரமாப் போனதே இல்ல. செவ்வா நடுச்சாமத்துல உச்சிக்கு வருதே. வெள்ளியும் நமக்கு வெளிய சுத்துனா, ஒரு நாளாவது அப்படி வரணுமில்ல?"

தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்.

"தப்படிக்கிறதோட நிறுத்திக்குங்கப்பா. இது படிச்சவங்க சமாச்சாரம்."

"அடேயப்பா, அப்பனைவிட மகன் பலமா அடிக்கிறானே!" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் பழத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். மறுநாள் விடியுமுன், கொஞ்சமும் பிந்தாமல், உங்கள் தப்புப் பறை ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியது. வானத்தைப் பார்த்துத்தானே நேரம் அறிவீர்கள்? அன்றைக்கும் வெள்ளியை நிமிர்ந்து பார்த்தீர்களா?

காய்ச்சலில் நீங்கள் போனபோது, மண் மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். போன வாரம்தான் அந்தப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். புதன், வெள்ளி, பூமி. வெள்ளி நமக்கு உள்ளே சுற்றுகிறது. அதனால்தான் சூரியனை விட்டு விலகுவதில்லை. நான் மனப்பாடம் பண்ணியும் மாற்றிச் சொன்னதை, நீங்கள் பார்த்தே தெரிந்து வைத்திருந்தீர்கள்.

இப்போது பெரட்டுக்கு மணி அடிக்கிறார்கள். அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். உங்கள் தப்பு சுவரில் தொங்குகிறது. அப்பாவுக்கு என்ன வேலை என்று பட்டறையில் கேட்டால், "தோட்டத்துல" என்று மட்டும் சொல்லி வந்தேன், அப்பா.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில் பழங்களை அடுக்குவேன். வெள்ளியை உள்ளே வைப்பேன். யார் கண்டு சொன்னது என்பதைக் கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்வேன். ஆட்களைக் கூட்ட மணி வேண்டாம். உங்கள் தப்பை நானே எடுத்து அடிப்பேன்.

நமுனுகுலையில் தப்படித்தவரின்
மகன்