கறிவேப்பிலைக்கு ஊற்றிய மோர்

நைனா,

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்ததும் புளித்த மோர் வாடை அடித்தது. வெளியே டொரன்டோ முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. உன் ஞாபகம் வந்து கதவை மூடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

கம்ப்யூட்டர் வேலைக்கு நான் இங்கே வந்த மூன்றாம் வருடம், குளிர் நடுவில் நீ வந்தாய். ஜன்னலோரத் தொட்டியில் முழங்கால் உயரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி. நகரியில் நம் கிணற்றடி மரத்துக்குச் செய்வதுபோலவே, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் மோர் ஊற்றினாய். "நாம துன்னாத புளிச்ச மோரு அதுக்கு அமிர்தம்டா" என்பாய். மூன்றே வாரத்தில் வீடு நாறியது. மண்ணில் பூச்சி மொய்த்தது. இலை மொத்தமும் கொட்டியது.

"செடியக் கொன்னுட்டியே நைனா" என்று கத்தினேன்.

"குளுருக்குக் கொட்டிகினு கீதுடா" என்றாய். ஊருக்குக் கிளம்பும்வரை தொட்டிப் பக்கமே நீ போகவில்லை.

நீ போனதும் தொட்டியைப் பேஸ்மென்டில் தள்ளினேன். ஞாயிறுதோறும் காலிங் கார்டு போட்டு உன்னோடு போனில் பேசுவேன். உன் உடம்பைப் பற்றி வாயே திறக்கமாட்டாய், செடியைத்தான் கேட்பாய். "நகத்தால கீறிப் பாருடா. உள்ள பச்ச இருந்தா உசுரு கீது."

மூன்றாவது முறை கேட்டபோது, "பாத்துட்டேன் நைனா, காஞ்சிபோச்சு" என்றேன்.

நான் பார்க்கவே இல்லை. பத்துப் படி இறங்கச் சோம்பலா, உன்மேல் மிச்சமிருந்த கோபமா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. "சரி விடு, என் தப்புதான்" என்றாய். அடுத்த மாதம் நீயும் போய்விட்டாய்.

காரியம் முடித்துத் திரும்பிவந்து, குப்பையில் போடத் தொட்டியைத் தூக்கினேன். அடித்தண்டில் இரண்டு துளிர். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் மோர் காப்பாற்றியதா, உன் மோருக்கும் தப்பிப் பிழைத்ததா? குளிரில் அது தூங்கும், தண்ணீரே காட்டாதே என்கிறார்கள் இங்கே. செடி இப்போது என் தோள் உயரம். வருடா வருடம் மொட்டையாகிறது, வருடா வருடம் எனக்கும் புத்தி குழம்புகிறது.

இன்றும் மோர்க் கிண்ணத்தோடு அதன் முன் நின்றேன். ஊற்றலாமா கூடாதா, தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் தண்டைக் கீறினேன்.

பச்ச கீது நைனா. இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.